எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் போலீஸ் ரிவால்வர்: அமெரிக்காவின் பழைய துப்பாக்கிகள் எங்கே போகின்றன?

பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புது போன் வாங்குகிறோம். அந்தப் பழைய போன் அடுத்து யார் கைக்குப் போச்சு என்று நாம் யாரும் கேட்பதில்லை. போட்டோவை எல்லாம் அழிச்சுட்டோமா, வாட்ஸ்அப்பை எடுத்துட்டோமா என்பதோடு நம்ம கவலை முடிந்துவிடும். ஆனால் எக்ஸ்சேஞ்ச் கொடுப்பது ஒரு போலீஸ் டிபார்ட்மென்ட், கொடுக்கப்படுவது துப்பாக்கி என்றால்?

அமெரிக்காவில் இது ரகசியமெல்லாம் இல்லை. பல ஊர்களின் போலீஸ் துறைகள் பழைய துப்பாக்கிகளை டீலரிடம் கொடுத்து, அந்த விலையைக் கழித்துக்கொண்டு புதுசு வாங்குகின்றன. டீலர் அவற்றைப் பொதுமக்களுக்கு விற்கிறார். ‘போலீஸ் டிரேட்-இன்’ என்று சொன்னாலே அங்கே தனி மவுசு. அதிலும் பழைய சர்வீஸ் ரிவால்வர் என்றால், தேடித் தேடி வாங்கிச் சேர்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அலமாரியில் அழகு பார்க்க மட்டும் அல்ல, வார இறுதியில் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுடவும்தான்.

இந்தப் பொழுதுபோக்கு எப்படி வந்தது, அதில் என்ன இருக்கிறது, பிரச்னை எங்கே தொடங்குகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், சர்வீஸ் ரிவால்வர் என்றால் என்ன?

நம்ம சினிமாவில் இன்ஸ்பெக்டர் என்றாலே இடுப்பில் லெதர் உறை, அதில் ஒரு ரிவால்வர். நடுவில் சுழலும் சிலிண்டர், அதில் பெரும்பாலும் ஆறு தோட்டா. விசையை இழுத்தால் சிலிண்டர் ஒரு படி சுற்றும், அடுத்த தோட்டா குழலுக்கு நேரே வரும், சுத்தி விழும், வெடிக்கும். இவ்வளவுதான் அடிப்படை.

அமெரிக்க போலீஸில் இதைச் சீராக்கியவர்களில் ஒருவர் தியோடர் ரூஸ்வெல்ட். பின்னாளில் அமெரிக்க அதிபர் ஆனவர்தான். 1895-ல் நியூயார்க் போலீஸ் கமிஷனர்கள் குழுவின் தலைவராக வந்த அவருடைய காலத்தில்தான், ஆளுக்கு ஒரு ரகம் என்று இருந்த நிலை மாறி, .32 அளவு கோல்ட் ரிவால்வர் பொதுத் துப்பாக்கி ஆனது.

அடுத்து வந்ததுதான் கதாநாயகன். 1899-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. அதற்கென்றே வந்த தோட்டா .38 ஸ்பெஷல். 1957-ல் கம்பெனி தன் துப்பாக்கிகளுக்கு எண் கொடுக்கத் தொடங்கியபோது இதற்கு ‘மாடல் 10’ என்று பெயர் வந்தது. எல்லா வகைகளையும் சேர்த்தால் சுமார் 60 லட்சம் தயாரிக்கப்பட்டதாகக் கணக்கு. போட்டிக்கு கோல்ட் கம்பெனியின் ‘போலீஸ் பாசிட்டிவ்’, 1927-ல் வந்த ‘அஃபிஷியல் போலீஸ்’ ஆகியவையும் இருந்தன. 1935-ல் இன்னும் வீரியமான .357 மேக்னம் தோட்டா வந்தது. 1955-ல் அந்தத் தோட்டாவைச் சுடும், ஆனால் இடுப்பில் நாள் முழுக்கச் சுமக்கிற அளவில் இருக்கும் ‘காம்பேட் மேக்னம்’ வந்தது. இதுதான் பின்னாளில் மாடல் 19.

கிட்டத்தட்ட முக்கால் நூற்றாண்டு அமெரிக்க போலீஸின் இடுப்பில் இருந்தது இந்தக் குடும்பம்தான்.

அப்புறம் ஏன் கைவிட்டாங்க?

ஒரே நாளில் நடந்த மாற்றம் இல்லை. ஆனால் இரண்டு தேதிகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படும்.

ஒன்று, 1970 ஏப்ரல் 6. கலிஃபோர்னியாவின் நியூஹால் பகுதியில் நடந்த மோதலில் நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸார் நான்கு பேர் சில நிமிடங்களில் கொல்லப்பட்டார்கள். ஆறு குண்டு தீர்ந்தபின் ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவாக நிரப்புவது எவ்வளவு ஆபத்தான தாமதம் என்று பயிற்சி முறைகளே மாறின. ஆறு தோட்டாவையும் ஒரே அழுத்தில் உள்ளே தள்ளும் ‘ஸ்பீட் லோடர்’ பரவியது.

இன்னொன்று, 1986 ஏப்ரல் 11. மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டுகள் எட்டு பேர் மடக்கினார்கள். கொள்ளையரில் ஒருவன் கையில் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள். இரண்டு ஏஜென்ட்டுகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். கையில் குண்டடி பட்ட ஒரு ஏஜென்ட்டால் தன் ரிவால்வரில் தோட்டா நிரப்ப முடியாமல் போனது. கடைசியில் அந்தச் சண்டையை முடித்து வைத்ததும் காயமடைந்த இன்னொரு ஏஜென்ட்டின் .357 ரிவால்வர்தான். ஆனாலும் பாடம் வேறாகப் பதிந்தது: ஆறு குண்டு போதாது.

சரியாக அந்த நேரத்தில் ஆஸ்திரியாவின் க்ளாக் சந்தைக்கு வந்தது. க்ளாக் 17-ன் மேகஸினில் 17 தோட்டா. தீர்ந்தால் மேகஸினை மாற்றினால் போதும். விலையும் கட்டுப்படி ஆனது. அதற்கும் மேலே, ‘உங்க பழைய துப்பாக்கிகளைக் கொடுங்க, விலையில் கழிச்சுக்கறோம்’ என்ற ஏற்பாடு. பட்ஜெட் இல்லாமல் திணறும் சின்ன ஊர் போலீஸுக்கு இதைவிட என்ன வேண்டும்?

1990-களில் மாற்றம் வேகமெடுத்தது. நியூயார்க் போலீஸ் 1993-ல் 9 மி.மீ. செமி-ஆட்டோமேட்டிக்குக்கு அனுமதி கொடுத்தது. அதன் பிறகும் பழகியதை விடமாட்டேன் என்று ரிவால்வரோடு இருந்தவர்கள் உண்டு. அவர்களும் 2018-ல்தான் விடைகொடுத்தார்கள்.

இப்படிக் கழிக்கப்பட்ட ரிவால்வர்கள்தான் டீலர்களின் பெட்டிகளில் குவிந்தன. நம்ம அரசு அலுவலகங்களில் பழைய ஜீப்பையும் மேசை நாற்காலியையும் கண்டம் செய்து ஏலம் விடுவார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

இதில் சேகரிக்க என்ன இருக்கு?

பழைய போலீஸ் ரிவால்வரைப் பற்றி சேகரிப்பாளர்கள் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: நிறைய சுமக்கப்பட்டது, குறைவாகச் சுடப்பட்டது. பெரும்பாலான போலீஸ்காரர்கள் தங்கள் துப்பாக்கியைப் பயிற்சியில் வருடத்துக்குச் சில முறை மட்டுமே சுட்டிருப்பார்கள். ஆனால் தினமும் உறையில் போட்டு எடுத்திருப்பார்கள். அதனால் வெளியே குழல் முனையிலும் சிலிண்டர் விளிம்பிலும் நீலப் பூச்சு தேய்ந்து வெள்ளை தெரியும். உள்ளே இயந்திரம் புத்தம் புதுசு போல இருக்கும். பார்க்கச் சுமார், சுடச் சூப்பர். விலையும் அதனால் குறைவு.

அடுத்தது முத்திரைகள். சில துறைகள் தங்கள் பெயர்ச்சுருக்கத்தையோ, அடுக்கு எண்ணையோ கைப்பிடியின் பின்புறப் பட்டையில் பொறித்திருக்கும். எந்த ஊர், எந்தக் காலம் என்று தேடுவதே ஒரு துப்பறியும் வேலை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் சிலிண்டரை வெளியே தள்ளினால், அது பொருந்தும் வளைவுக்குள் ‘10-5’ மாதிரி மாடல் எண் தெரியும். கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் எத்தனையாவது பொறியியல் மாற்றம் என்பதைக் காட்டும். மாடல் எண் வருவதற்கு முந்தைய துப்பாக்கி என்றால் சட்டகத்தில் எத்தனை ஸ்க்ரூ என்று எண்ணியே காலத்தை ஊகிப்பார்கள்.

இன்னும் உறுதியாகத் தெரியவேண்டுமா? ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் சரி, கோல்ட்டும் சரி, பழைய பதிவேடுகளிலிருந்து கடிதம் தரும் வசதி இருக்கிறது. கட்டணம் கட்டினால், இந்த எண் கொண்ட துப்பாக்கி எந்தத் தேதியில் ஆலையை விட்டு எங்கே அனுப்பப்பட்டது என்று எழுதித் தருவார்கள். ‘போலீஸ் துறைக்கு’ என்று கடிதத்தில் வந்துவிட்டால் சேகரிப்பாளருக்கு அது தீபாவளி.

ஒரு விதி மட்டும் எல்லோரும் சொல்வார்கள்: பளபளன்னு ஆக்குறேன் என்று பாலிஷ் போடாதே. தேய்மானம்தான் அதன் வரலாறு. மறுபூச்சு அடித்தால் மதிப்பு இறங்கும். நம்ம ஊரில் பழைய வெண்கல விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு, பிறகு பழம்பொருள் கடைக்காரரிடம் திட்டு வாங்குவதைப் போலத்தான்.

சுடுவதற்கு வாங்கினால்?

இங்கேதான் கவனம் தேவை. அரை நூற்றாண்டு பழைய இயந்திரம் இது. வாங்குபவர்கள் முதலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, சில இடங்களைப் பார்ப்பார்கள்.

சுத்தி முழுதாகப் பின்னே போகும்போது சிலிண்டர் சரியாகக் குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்கிறதா? இதற்குப் பெயர் ‘டைமிங்’. அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் குண்டு குழலின் விளிம்பில் உரசி, ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறதா? குழலின் பின்வாயில் விரிசல் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி மாடல் 19-க்கு ரொம்ப முக்கியம். நடுத்தர அளவுச் சட்டகத்தில் வேகமான, எடை குறைந்த மேக்னம் குண்டுகளைத் தொடர்ந்து சுட்டதில் அந்த இடம் வெடித்த துப்பாக்கிகள் உண்டு.

இன்னொரு பொறி, இரண்டாம் உலகப் போர்க் கால ‘விக்டரி’ மாடல். பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் போனவை .38 ஸ்பெஷலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றின் தோட்டா குட்டையானது, சற்று அகலமானது. போர் முடிந்தபின் அவற்றில் பல மீண்டும் அமெரிக்கா வந்து, .38 ஸ்பெஷல் நுழையும்படி அறை நீட்டித் துளைக்கப்பட்டு விற்கப்பட்டன. நுழையும், ஆனால் பொருந்தாது. சுட்டால் தோட்டா உறை வீங்கும், சில சமயம் கிழியும். ‘உள்ளே போகுதே, அப்போ சரிதான்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. பழைய துப்பாக்கியைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் சுடாதே என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

சுடும் அனுபவம் எப்படி? விசையை மட்டும் இழுத்துச் சுட்டால், சுத்தியைத் தூக்கி விடும் வேலையையும் விரலே செய்யவேண்டும். பத்து, பன்னிரண்டு பவுண்டு வரை அழுத்தம் தேவைப்படும். சுத்தியைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னே இழுத்து வைத்தால் மூன்று, நான்கு பவுண்டிலேயே விசை விழும். கேட்க வசதியாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பதற்றத்தில் இருக்கும் போலீஸ்காரருக்கு அந்த லேசான விசைதான் ஆபத்து. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் தங்கள் ரிவால்வர்களில் சுத்தியை முன்கூட்டி இழுத்து வைக்கும் வசதியையே எடுத்துவிட்டது. அப்படி மாற்றப்பட்ட துப்பாக்கிகளும் இன்று தனி சேகரிப்பு ரகம்.

மென்மையான இலக்குத் தோட்டா போட்டுச் சுடும்போது நாலு அங்குலக் குழல் கொண்ட மாடல் 10 அவ்வளவாக உதைக்காது. அதனால் பயிற்சிக்கும், ரிவால்வருக்கென்றே தனிப் பிரிவு உள்ள போட்டிகளுக்கும் இது இன்றைக்கும் பயன்படுகிறது. ஆறே குண்டு, கனமான விசை. விரலை அடக்கப் பழகாமல் இலக்கில் அடிக்க முடியாது. இதை ஒரு கைத்திறனாகவே பார்ப்பவர்கள் அங்கே நிறைய.

சட்டம் என்ன சொல்லுது?

லைசென்ஸ் உள்ள டீலரிடம் வாங்கினால் படிவம் நிரப்பவேண்டும், பின்னணிச் சோதனை உண்டு. 1998 முதல் இந்தச் சோதனை எஃப்.பி.ஐ. நடத்தும் தேசிய கணினி அமைப்பு வழியாக நடக்கிறது.

50 வருஷத்துக்கு மேல் பழைய, அசல் வடிவிலேயே இருக்கும் துப்பாக்கிகளுக்குத் தனிச் சலுகை. ‘அரும்பொருள் மற்றும் பழம்பொருள்’ சேகரிப்பாளர் லைசென்ஸ் மூன்று வருஷத்துக்கு 30 டாலர். அது இருந்தால் வேறு மாநிலத்திலிருந்தும் நேரே வீட்டுக்கே வரவழைக்கலாம். பதிலுக்கு ஒரு கடமை: அந்த லைசென்ஸில் வாங்கியதையும் கொடுத்ததையும் தேதியோடு பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும். இந்தப் பதிவேடு விஷயத்தை ஞாபகம் வைச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஓட்டை எங்கே என்றால், இரண்டாவது விற்பனையில். டீலரிடம் சோதனையோடு வாங்கியவர், அதே மாநிலத்தில் இன்னொரு தனிநபருக்கு விற்கும்போது பின்னணிச் சோதனை கட்டாயம் என்று மத்திய சட்டம் சொல்லவில்லை. சில மாநிலங்கள் தாங்களாகக் கட்டாயம் ஆக்கியிருக்கின்றன. பல மாநிலங்கள் ஆக்கவில்லை.

அமெரிக்காவில் வேலை பார்ப்பவரா? இதை அவசியம் படிங்க

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கு அமெரிக்க மத்திய சட்டத்தில் பொதுவான தடை இருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, அதில் முக்கியமானது செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். ‘சும்மா ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் நாலு ரவுண்டு சுட்டு ஸ்டோரி போடுவோம்’ என்பதும்கூட இந்தச் சட்டத்தின் கண்ணில் ‘வைத்திருப்பது’ என்று ஆகலாம். இது கிரிமினல் குற்றம், விசாவையும் பாதிக்கும். க்ரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை, ஆனால் மாநிலச் சட்டங்கள் பொருந்தும். நண்பர் கூப்பிட்டாலும் முதலில் வக்கீலைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இந்தியாவில்? 1959 ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் இல்லாமல் எதுவும் கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசென்ஸ்தாரர் ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி, முன்பு மூன்று. பழைய போலீஸ் ரிவால்வரை எக்ஸ்சேஞ்சில் வாங்கி அலமாரியில் அடுக்கும் பேச்சுக்கே இங்கே இடமில்லை.

சரி, பிரச்னை எங்கே?

2024-ல் தி ட்ரேஸ், ரிவீல், சி.பி.எஸ். நியூஸ் ஆகிய மூன்று செய்தி நிறுவனங்கள் சேர்ந்து ஒரு புலனாய்வை வெளியிட்டன. 2006-லிருந்து, ஒருகாலத்தில் போலீஸ் வசம் இருந்த 52,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் குற்ற விசாரணைகளில் சிக்கியிருக்கின்றன என்பதுதான் அதன் மையத் தகவல். இப்படித் தடம் தேடப்படும் எல்லாத் துப்பாக்கியும் கொலைக்குப் பயன்பட்டது என்று அர்த்தமில்லை. எல்லாமே ரிவால்வரும் இல்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மக்கள் வரிப்பணத்தில், மக்களைக் காப்பாற்ற வாங்கிய துப்பாக்கி, அதே ஊர் போலீஸால் குற்றவாளி கையிலிருந்து மீண்டும் பறிமுதல் செய்யப்படுகிறது.

இது புதுப் பிரச்னையும் அல்ல. 1999 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வெறுப்புக் குற்றவாளி யூத சமூக மையத்தில் குழந்தைகள் உட்பட ஐந்து பேரைச் சுட்டுக் காயப்படுத்தினான். பிறகு ஒரு தபால்காரரைச் சுட்டுக் கொன்றான். தபால்காரரைக் கொன்ற க்ளாக், வாஷிங்டன் மாநிலத்தின் காஸ்மோபோலிஸ் என்ற குட்டி ஊர் போலீஸிடம் முன்பு இருந்தது. எக்ஸ்சேஞ்சில் வெளியே போய், கை மாறி மாறி அவனிடம் வந்து சேர்ந்தது. துப்பாக்கி வாங்கச் சட்டப்படி தகுதியே இல்லாதவன் அவன். பாதிக்கப்பட்டவர்கள் க்ளாக் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். 2005-ல் துப்பாக்கிக் கம்பெனிகளுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் வந்தது. அதைக் காட்டி, கம்பெனி மீதான வழக்கு தள்ளுபடி ஆனது.

இதில் இன்னொரு முரண் இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசுத் துறைகளின் உபரித் துப்பாக்கிகளுக்கான பொது விதி என்ன தெரியுமா? பொதுமக்களுக்குத் துப்பாக்கியாக விற்கக்கூடாது, முழுதாக அழித்து இரும்பாகத்தான் விற்கலாம். ஆனால் ஊர், மாவட்ட, மாநிலப் போலீஸுக்கு அந்த விதி பொருந்தாது. 30 டாலர் லைசென்ஸ் வாங்கிய பொழுதுபோக்குக்காரர், தான் கைமாற்றிய ஒவ்வொரு பழைய ரிவால்வருக்கும் பதிவேடு எழுதவேண்டும். நூற்றுக்கணக்கான துப்பாக்கியை மொத்தமாக டீலரிடம் தள்ளிவிடும் போலீஸ் துறைக்கு, அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று பார்க்கும் கடமை இல்லை.

‘அழிச்சா மட்டும் குற்றம் குறைஞ்சுடுமா?’

இது நியாயமான கேள்வி. அமெரிக்கப் பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே அமைப்பு 2017-க்கு மதிப்பிட்டது. மக்கள்தொகையைவிட அதிகம். அந்தக் கடலில் போலீஸ் விற்பது ஒரு வாளித் தண்ணீர் என்று வாதிடலாம். எக்ஸ்சேஞ்ச் இல்லாவிட்டால் புதுத் துப்பாக்கிக்கும் குண்டு துளைக்காத உடைக்கும் எங்கள் ஊரில் காசு இல்லை என்று சின்னத் துறைகள் சொல்வதும் பொய்யில்லை.

சேகரிப்பாளர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 1930-களின் ஒரு அஃபிஷியல் போலீஸையோ, ஒரு ஊரின் முத்திரை பொறித்த மாடல் 10-ஐயோ உருக்குவது, பழைய ஆவணத்தைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். ஆறு குண்டு ரிவால்வரைப் பழம்பொருள் விலை கொடுத்து வாங்கி, பூட்டிய பெட்டியில் வைத்து, எண்ணெய் போட்டுப் பராமரிக்கிறவரைக் குற்றவாளியோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமே இல்லை.

ஆனால் இந்த இரண்டு வாதமும் ஒரு விஷயத்தை மறைக்கின்றன. போலீஸ் துறை ஒரு சாதாரண விற்பனையாளர் அல்ல. ‘தெருவில் துப்பாக்கி அதிகமாகிவிட்டது, சரண்டர் பண்ணுங்க’ என்று மக்களிடம் கேட்கிற அதே துறை, பின்வாசல் வழியாகத் தன் துப்பாக்கியைச் சந்தைக்கு அனுப்பினால், அந்த வேண்டுகோளுக்கு என்ன மரியாதை? ஒரு வாளித் தண்ணீர்தான். ஆனால் அந்த வாளியை ஊற்றுவது தீயணைப்புத் துறை என்றால் அது பெட்ரோலா தண்ணீரா என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு.

துப்பாக்கிக்கு எக்ஸ்பயரி தேதியும் கிடையாது. பழைய போன் மூணு வருஷத்தில் செத்துப்போகும். 1950-ல் செய்த மாடல் 10 ஒழுங்காக எண்ணெய் போட்டால் 2050-லும் சுடும். அது எத்தனை கை மாறும், அதில் ஒரு கை யாருடையதாக இருக்கும் என்று முதல் விற்பனையில் கையெழுத்துப் போடும் அதிகாரிக்குத் தெரியாது. தெரியாது என்பதே விற்கக் காரணம் ஆகிவிடக்கூடாது.

அப்போ என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் விற்பதும் வேண்டாம், எல்லாவற்றையும் உருக்குவதும் வேண்டாம். நடுவில் வழி இருக்கிறது. அதற்கு அமெரிக்காவிலேயே முன்மாதிரியும் இருக்கிறது.

அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்1911 கைத்துப்பாக்கிகள் 2018 முதல் ‘சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம்’ என்ற அமைப்பு வழியாகப் பொதுமக்களுக்கு விற்கப்படுகின்றன. எத்தனை விற்கலாம் என்று வருட வரம்பு உண்டு. விண்ணப்பதாரரை அந்த அமைப்பே பின்னணிச் சோதனை செய்யும். பிறகு துப்பாக்கி லைசென்ஸ் உள்ள டீலருக்குத்தான் போகும், அங்கே மீண்டும் ஒரு சோதனை. வரலாற்றுப் பொருளும் காப்பாற்றப்படுகிறது, யார் கைக்குப் போகிறது என்பதும் தெரிகிறது.

போலீஸ் ரிவால்வருக்கும் இதையே செய்யலாம். முதலில், வரலாற்று மதிப்புள்ள பழைய ரிவால்வர்களையும், கழிக்கப்படும் சாதாரண செமி-ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளையும் தனித்தனியாகப் பிரிக்கவேண்டும். பழைய ரிவால்வரை அருங்காட்சியகத்துக்கோ, அதைச் சுமந்த ஓய்வுபெற்ற அதிகாரிக்கோ, பதிவேடு எழுதும் சேகரிப்பாளருக்கோ கொடுக்கலாம். இரண்டாவது ரகத்துக்கு மத்திய அரசின் விதியே போதும்: உருக்கு. இதனால் வரும் பட்ஜெட் பள்ளத்தை நகராட்சி வெளிப்படையாகப் பட்ஜெட்டில் காட்டட்டும். வரி கட்டுபவர்கள் முடிவு செய்யட்டும். எத்தனை துப்பாக்கி, யாருக்கு, எவ்வளவுக்கு என்ற விவரத்தையாவது ஒவ்வொரு துறையும் வருடா வருடம் வெளியிடட்டும்.

சேகரிப்பாளர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தனிநபர் விற்பனையில் சட்டம் கேட்காவிட்டாலும், டீலர் வழியாகவே கைமாற்றலாம். அதற்கு ஆகும் கட்டணம் சின்னது. வீட்டில் பூட்டிய பெட்டி கட்டாயம். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல், 26,328 பேர், தற்கொலை செய்துகொண்டவர்கள். பூட்டப்படாத ஒரு துப்பாக்கி குற்றவாளிக்கு மட்டும் ஆபத்தான கதவைத் திறப்பதில்லை. மனம் உடைந்த ஓர் இரவில் அதே வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் திறந்துவிடும்.

பழைய போலீஸ் ரிவால்வர் ஓர் அழகான இயந்திரம்தான், அதில் சந்தேகமே இல்லை. அதை நேசிக்கிறவர்களிடம் பதிவேடு இருக்கிறது, ஆலைக் கடிதம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்ற ஆர்வமும் இருக்கிறது. எங்கே போகிறது என்ற அக்கறையில் பாதியாவது அதை விற்கிற போலீஸ் துறைகளுக்கும் வரவேண்டும்.